பழைய கல்யாணக் கேசட்டை ஃபைலாக்கும்போது விநாடிக்கு எத்தனை ஃப்ரேம் வைப்பது?

கேட்டவர் கானாடுகாத்தானைச் சேர்ந்த ஒரு தம்பி. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பச்சியின் (அப்பாவின்) மணிவிழாவில் திரையிட ஒரு மணி நேரப் படம் தொகுக்கிறார். கையில் நான்கு விதமான சரக்கு இருக்கிறது: 1989இல் நடந்த ஆத்தா (அம்மா), அப்பச்சி கல்யாணத்தின் வி.எச்.எஸ். கேசட், சித்தப்பா 1994இல் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய ஒரு கேசட், ஐயா (தாத்தா) பினாங்கில் இருந்தபோது எடுத்த சூப்பர் 8 பிலிம் சுருள், அப்புறம் உறவுக்காரர்கள் போனில் எடுத்த துண்டுகள். கல்யாணக் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து ஃபைலாக வாங்கியிருக்கிறார். அதில் ஆட்கள் விக்கி விக்கி நடக்கிறார்கள், கையை வீசினால் ஓரம் அலை அலையாக நெளிகிறது, போகப் போக மேளச் சத்தம் ஒரு பக்கம், தவில்காரர் கை ஒரு பக்கம். "எல்லாவற்றையும் 30 ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? இல்லை 25ஆ, 60ஆ?" என்பது கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். 30க்கு மாற்ற வேண்டாம். உங்களிடம் இருக்கும் ஃபைலின் கோளாறே அது ஏற்கெனவே 30க்கு மாற்றப்பட்டதுதான். அந்த ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, கேசட்டிலிருந்து மறுபடி எடுங்கள். தொகுப்பை விநாடிக்கு 50 ஃப்ரேமில் செய்யுங்கள். நான் காரைக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன், இப்போது பாதி வேலை பழைய கேசட்டை மாற்றிக் கொடுப்பதுதான். இந்தப் பதிலின் பின்னால் உள்ள காரணம் தெரிந்தால் நான்கு சரக்கையும் நீங்களே சரியாகக் கையாளலாம்.

டி.வி. வந்த காலத்தில் படத்தின் வேகத்தை முடிவு செய்தது மின்சாரம். அமெரிக்காவில் கரண்ட் விநாடிக்கு 60 சுற்று, நம்மிடம் 50. படம் புதுப்பிக்கப்படும் வேகம் கரண்டின் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஒரு நிழல் பட்டை மேலும் கீழுமாக ஊர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அங்கே விநாடிக்கு 60, இங்கே 50. அங்கே 525 கோடுகள், இங்கே 625. படமாகத் தெரிவது அதில் கொஞ்சம் குறைவு: அங்கே சுமார் 480, இங்கே 576. அமெரிக்க முறைக்கு என்.டி.எஸ்.சி. என்று பெயர். நாம் 1982இல் கலருக்கு வந்தபோது எடுத்துக்கொண்டது பால் (PAL) சிஸ்டம். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியில் இருந்த வால்டர் புருக் உருவாக்கியது. நம்மவர்கள் கொண்டுவிற்கப் போன ஊர்களை வைத்துப் பார்த்தால், மலேசியா, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் நம்மைப் போலவே பால். பர்மா என்.டி.எஸ்.சி. அமெரிக்கா, கனடா, ஜப்பானும் அதுவே. ஜப்பானில் கிழக்குப் பாதிக்கு 50 சுற்றுக் கரண்ட், மேற்குப் பாதிக்கு 60. இருந்தும் நாடு முழுக்க ஒரே டி.வி. முறை. ஆக, வீட்டில் எந்த ஊர்க் கேசட் கிடைத்தாலும் முதலில் அது எந்த ஊரில் பதிவானது என்று கேளுங்கள். கேசட் டப்பாவின் மேல் உள்ள எழுத்தை நம்ப வேண்டாம். டி-120 என்று போட்ட அமெரிக்கக் கேசட்டை இங்கே வாங்கி வந்து கல்யாணம் பதிவு செய்தவர்கள் உண்டு. அங்கே இரண்டு மணி நேரம் ஓடும் அதே நாடா இங்கத்திய டெக்கில் இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும், ஏனென்றால் பால் டெக் நாடாவை மெதுவாக இழுக்கும்.

சரி, கோடுகளின் எண்ணிக்கை வேறு, நிறத்தை எழுதும் விதம் வேறு. இவை இரண்டும் பெரிய தலைவலி இல்லை. 576 கோட்டை 480 ஆக்கலாம், 1080 ஆக்கலாம். கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். நிறத்தை டெக்கும், அதிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் கேப்சர் கருவியும் பார்த்துக்கொள்ளும். சிக்கல் முழுக்க நேரத்தில் இருக்கிறது. ஒரு விநாடியில் 50 கணங்களைப் பதிவு செய்த நாடாவிலிருந்து 60 கணங்களைக் கேட்டால், கேமரா பார்க்காத கணங்களுக்கு எங்கே போவது? இருப்பதைத் திருப்பிக் காட்ட வேண்டும், அல்லது இரண்டைக் கலந்து பூச வேண்டும், அல்லது நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்து வரைய வேண்டும். உலகத்தில் இதுவரை வந்த எல்லா மாற்றுக் கருவிகளும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கின்றன.

'50 கணங்கள்' என்று சொன்னேன். உங்கள் கடைக்காரர் 25 என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டும் சரி. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய வீடியோ கேமரா ஒரு முழுப் படத்தை ஒரே சமயத்தில் எடுக்காது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகளை எடுக்கும், ஐம்பதில் ஒரு விநாடி கழித்து இரட்டைப்படைக் கோடுகளை எடுக்கும். இந்தப் பாதிப் படத்துக்கு ஃபீல்டு என்று பெயர். இரண்டு கை விரல்களையும் கோத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கை முதல் ஃபீல்டு, மறு கை இரண்டாவது. கோத்த கை ஒரு ஃப்ரேம். கேமராவும் ஆளும் அசையாமல் இருந்தால் இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும். ஆள் அசைந்தால், இரண்டாவது ஃபீல்டில் அவர் கொஞ்சம் நகர்ந்திருப்பார். கோத்துப் பார்த்தால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரித் தெரியும். அந்தப் பல் கோளாறு இல்லை. இரண்டு வெவ்வேறு கணங்கள் ஒரே ஃப்ரேமில் பத்திரமாக இருக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம்.

போன மாதம் ஒரு கேசட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டு நடுமுற்றமான வளவில் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு, நடக்கிறது. மாப்பிள்ளையின் கை கழுத்துருவோடு பெண்ணின் கழுத்தருகே போகும் நேரத்தில் போட்டோக்காரர் பிளாஷ் அடிக்கிறார். வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினால், ஒரே ஒரு ஃப்ரேமில் ஒரு கோடு விட்டு ஒரு கோடு வெள்ளையாக இருக்கிறது. பிளாஷ் வெளிச்சம் ஒரு ஃபீல்டில் மட்டும் விழுந்திருக்கிறது. அடுத்த ஃபீல்டு வரும்போது அது அணைந்துவிட்டது. அந்த ஃப்ரேமை ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்தால், முதலாவதில் வெள்ளை வெளிச்சத்தில் பெண்ணின் முகமும் அட்டிகையும். இரண்டாவதில் பழைய மஞ்சள் விளக்கொளியில் அதே முகம், கை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி. இந்த இரண்டு கணங்களும் நாடாவில் தனித்தனியாக இருக்கின்றன. 25 ஃப்ரேமாகச் சுருக்குகிறவர் இதில் ஒன்றைத் தூக்கி எறிகிறார், அல்லது இரண்டையும் குழைத்துவிடுகிறார்.

இப்போது உங்கள் ஃபைலுக்கு வருவோம். நீங்கள் எழுதிய விவரப்படி அது 640க்கு 480, விநாடிக்கு 30 ஃப்ரேம். யு.எஸ்.பி.யில் செருகும் சின்னக் கேப்சர் கருவிகளில் பல, யாரும் மாற்றாமல் விட்டால், இந்த அமெரிக்க அளவில்தான் எழுதும். உள்ளே போனதோ பால் கேசட். அதனால் இரண்டு காரியம் நடந்திருக்கிறது.

ஒன்று, விநாடிக்கு 25 ஃப்ரேமை 30 ஆக்க, ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்றை இரண்டு முறை எழுதியிருக்கிறது. ஆகவே விநாடிக்கு ஐந்து முறை எல்லாரும் ஒரு கணம் நின்று நடக்கிறார்கள். நீங்கள் சொன்ன விக்கல் அதுதான். நிறுத்தி நகர்த்திப் பாருங்கள்: ஒவ்வொரு ஆறாவது ஃப்ரேமும் முந்தியதன் நகலாக இருக்கும். இந்தச் சேதம் சரி செய்யக்கூடியது. நகல்களை எடுத்துவிட்டால் 25 திரும்பி வரும்.

இரண்டாவது காரியம்தான் என்னை வருத்தப்பட வைக்கிறது. ஃபீல்டுகளைப் பிரிக்காமலே 576 கோட்டை 480க்கு நசுக்கியிருக்கிறது. ஆறு கோட்டை ஐந்தாக்கும்போது ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கோத்த விரல்களைப் பசை போட்டு ஒட்டியது போல ஆகிவிட்டது, இனிப் பிரிக்க முடியாது. பல் பல்லாகத் தெரிய வேண்டியது அலை அலையாக நெளிவது இதனால்தான். எந்த மென்பொருளும், இன்று சொல்கிற ஏ.ஐ.யும் இதை முழுசாக மீட்காது. அழகுபடுத்தும், ஆனால் முகத்தில் இல்லாததை வரைந்துவிடும். கல்யாணப் பெண்ணாக இருந்த ஆத்தா முகத்தில் அப்படி வரைய விடலாமா? அதனால்தான் கேசட்டிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்கிறேன். கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைத் தூள் மாதிரி இருந்தால் பூஞ்சை. பெட்டக அறையில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கேசட்டுகளில் சகஜம். அதை டெக்கில் போடாதீர்கள். டெக்கின் ஹெட் கெட்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் முதலில் கொடுங்கள். டெக்கில் எஸ்-வீடியோ இணைப்பு இருந்தால் மஞ்சள் ஒயருக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். டி.பி.சி. என்ற வசதி உள்ள டெக் கிடைத்தால் இன்னும் நல்லது. நாடா தளர்ந்து இறுகுவதால் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்பின்னாக வரும், டி.பி.சி. அதை நேர்ப்படுத்தி அனுப்பும். இது இல்லாத இடத்தில் கேப்சர் கருவி குழம்பி அங்கங்கே ஃப்ரேமை நழுவ விடும். படம் நழுவும், சத்தம் நழுவாது. ஒரு மணி நேரத்தில் மேளம் தனியே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேப்சர் மென்பொருளில் பால்-பி, 720க்கு 576, விநாடிக்கு 25, இன்டர்லேஸ் (ஃபீல்டுகள் கோத்திருக்கும் நிலை) அப்படியே என்று வையுங்கள். சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ். எம்பெக்-4 என்று உடனே சுருக்காதீர்கள். ஹஃப்ஒய்யூவி, எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லாத முறையில் எழுதினால் மணிக்கு 30, 40 ஜி.பி. வரை ஆகும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. இதுதான் உங்கள் வீட்டு மூல ஆவணம். பல் தெரிகிறதே என்று இதில் கை வைக்காதீர்கள். மற்ற எல்லா மாற்றமும் இதன் நகலில்தான்.

அந்த நகலில் முதல் வேலை, ஃபீல்டுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு முழு ஃப்ரேமாக விரிப்பது. இதற்கு டீஇன்டர்லேஸ் என்று பெயர். அதில் 'பாப்' என்ற வகையைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு 50 ஃப்ரேம் வரும், ஒரு கணமும் வீணாகாது. ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பாப் வைத்து, ஃப்ரேம் வேகத்தை 50, மாறாத வேகம் என்று கொடுத்தால் போதும். பொறுமை இருந்தால் ஏவிசிந்த் என்ற மென்பொருளில் கியூ.டி.ஜி.எம்.சி. என்று ஒன்று உண்டு. ராத்திரி முழுக்க ஓடும், ஆனால் பட்டுப்புடவைக் கரையும் கழுத்துருவும் நடுங்காமல் வரும். நான் கல்யாணக் கேசட்டுக்கு அதைத்தான் வைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: எந்த ஃபீல்டு முதலில் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். இப்படி எடுத்த பால் ஃபைலில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில், மினி டி.வி. (MiniDV) என்ற டிஜிட்டல் கேமரா நாடாவாக இருந்தால் கீழ் ஃபீல்டு முதலில். மாற்றிச் சொல்லிவிட்டால் நடக்கிறவர் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே என்று நடுங்குவார். வளவில் குறுக்கே ஓடும் ஒரு பிள்ளையைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் மட்டும் பத்து ஃப்ரேம் நகர்த்திப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, 720க்கு 576 என்பது அப்படியே காட்ட வேண்டிய வடிவம் இல்லை. பழைய டி.வி. நாலுக்கு மூன்று. 1080 உயரத் திரையில் அது 1440 அகலம் எடுக்கும், இரு பக்கமும் இடம் மிஞ்சும். மிஞ்சட்டும். திரையை நிரப்புவதற்காக இழுத்தால் எல்லார் முகமும் பூசணிக்காயாகிவிடும். படத்தின் அடியில் கடைசிச் சில கோடுகள் கிழிந்து ஆடும். அது எல்லா வி.எச்.எஸ்.ஸிலும் இருக்கும், டி.வி. அதை மறைத்துவிடும். தொகுப்பில் ஒரு கறுப்புப் பட்டை போட்டு மூடிவிடுங்கள்.

சித்தப்பாவின் நியூ ஜெர்சிக் கேசட் வேறு கதை. இங்கே விற்ற பல டெக்குகளில் என்.டி.எஸ்.சி. பிளேபேக் என்று எழுதியிருக்கும். அது முழு மாற்றம் இல்லை. 525 கோடும் 60 ஃபீல்டும் அப்படியே இருக்கும், நிறத்தை மட்டும் பால் விதத்தில் எழுதி அனுப்பும். பால்-60 என்பார்கள். நம் ஊர் டி.வி.யில் அழகாகத் தெரியும், ஆனால் கேப்சர் கருவியைப் பால்-பி என்று வைத்திருந்தால் படம் உருளும் அல்லது கறுப்பு வெள்ளையாக வரும். கருவியில் பால்-60 என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். மல்டி சிஸ்டம் டெக் கிடைத்து அது நிஜ என்.டி.எஸ்.சி.யாகவே அனுப்பினால் என்.டி.எஸ்.சி.-எம் என்று வையுங்கள். அளவு 720க்கு 480, வேகம் 29.97.

இந்த 29.97 எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பார்கள். கறுப்பு வெள்ளைக் காலத்தில் அது சரியாக 30தான். 1953இல் அமெரிக்காவில் கலர் முறைக்கு அனுமதி கிடைத்தபோது, நிறத்தைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் ஒன்றோடொன்று உரசித் திரையில் புள்ளிக்கோலம் ஓடும் அபாயம் இருந்தது. ஒலி அலையை நகர்த்தினால் வீடுகளில் இருந்த பழைய பெட்டிகளுக்கு ஆகாது. அதனால் படத்தின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்துவிட்டார்கள். எழுபது வருஷமாக எடிட்டிங் மேசையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கைச் சுமக்கிறோம். 29.97 ஃபைலை 30 என்று சொல்லி மென்பொருளில் போட்டால் மணிக்கு 3.6 விநாடி படம் முந்தும். மூன்று மணி நேரக் கேசட்டின் கடைசியில் கிட்டத்தட்ட 11 விநாடி. ஐந்து நிமிஷத் துண்டில் 0.3 விநாடிதான், ஆனால் பேசுகிறவர் உதட்டில் அதுவே தெரியும்.

இந்தக் கேசட்டை நம் 50 ஃப்ரேம் தொகுப்பில் சேர்க்க, முதலில் இதையும் பாப் முறையில் 59.94 ஃப்ரேமாக்குங்கள். அதன் பிறகே 50க்கு இறக்க வேண்டும். 29.97இலிருந்து நேராக 25க்கோ 50க்கோ தாவாதீர்கள். ஃபீல்டுகள் கோத்திருக்கும் நிலையில் நேரத்தை மாற்றினால் உங்கள் பழைய ஃபைலின் கதைதான் திரும்பவும் நடக்கும்.

59.94இலிருந்து 50க்கு இறக்க மூன்று வழி என்று முன்பே சொன்னேன். ஆறில் ஒன்றை விட்டுவிடுவது முதல் வழி. உட்கார்ந்து பேசும் காட்சிக்கு இது போதும். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால் துள்ளும். பக்கத்து ஃப்ரேம்களைக் கலப்பது இரண்டாவது. துள்ளல் போகும், ஆனால் வேகமான அசைவில் இரட்டை நிழல் விழும். நடக்கிறவருக்கு நாலு கால். மூன்றாவது, படத்தில் ஒவ்வொரு பகுதியும் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிட்டு, நடுவில் விழும் கணத்தைப் புதிதாக வரைவது. எடிட்டிங் மென்பொருள்களில் ஆப்டிகல் ஃப்ளோ என்று இருக்கும். நன்றாக வந்தால் மாற்றமே தெரியாது. ஆனால் சின்னதாகவும் வேகமாகவும் பறப்பது எதையும் இதனால் பின்தொடர முடியாது. பிறந்தநாளில் காகிதப்பூ தூவுகிறார்கள், சீலிங் ஃபேன் சுற்றுகிறது, யாரோ ஒருவர் இன்னொருவரைக் கடந்து போகிறார்: அங்கே படம் ரப்பர் மாதிரி இழுபடும். என் வழக்கம், முழுதும் மூன்றாவது முறையில் ஓட்டிவிட்டு, இழுபடும் துண்டுகளை மட்டும் இரண்டாவது முறையில் மாற்றி ஒட்டுவது. பத்து நிமிஷத்துக்கு நாலைந்து துண்டு வரும்.

இந்த வேலை இன்று லேப்டாப்பில் நடப்பதே எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஒரு காலத்தில் ஒரு நாட்டு டி.வி.யை இன்னொரு நாட்டுக்கு மாற்றுவதென்றால் ஒரு திரையில் ஓடுவதை எதிரே இன்னொரு கேமரா வைத்துப் பிடிப்பதுதான் வழி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஐரோப்பா கலரில் பார்க்க வேண்டி, ஒரு ஃபீல்டு முழுவதையும் தேக்கி வைத்துப் புது வேகத்தில் வெளிவிடும் மின்னணுக் கருவியை பி.பி.சி. பொறியாளர்கள் கட்டினார்கள். அடுத்த வருஷம் அப்போலோ 11 நிலவிலிருந்து அனுப்பிய படம் விநாடிக்கு 10 ஃப்ரேம், 320 கோடு. பூமியில் அதை ஒரு மானிட்டரில் ஓட விட்டு, அதன் எதிரே டி.வி. கேமரா வைத்துத்தான் 60 ஃபீல்டாக மாற்றினார்கள். உலகம் பார்த்தது அந்த மாற்றிய படத்தை. நிலவிலிருந்து வந்த சிக்னலில் அதைவிடத் தெளிவு இருந்தது.

இதை இங்கே சொல்லக் காரணம், ஐயாவின் பிலிம் சுருளுக்கும் பலர் இதையே செய்கிறார்கள். ப்ரொஜெக்டரைச் சுவரில் அடித்து, எதிரே போனை வைத்து எடுக்கிறார்கள். ப்ரொஜெக்டரின் கதவு திறந்து மூடும் வேகமும் போனின் வேகமும் ஒத்துப்போகாமல் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும். வேண்டாம். பிலிமை ஒவ்வொரு ஃப்ரேமாக ஸ்கேன் செய்து தருகிறவரிடம் கொடுங்கள், வேகத்தை நாம் பிறகு முடிவு செய்வோம் என்று சொல்லிவிடுங்கள்.

பிலிமில் ஃபீல்டு தொல்லை இல்லை, ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படம். சூப்பர் 8 வழக்கமாக விநாடிக்கு 18. ஐம்பதடிச் சுருள் ஒன்றில் 3,600 ஃப்ரேம், அதாவது 3 நிமிஷம் 20 விநாடி. 18ஐ 50இல் வைத்தால் சில ஃப்ரேம் இரண்டு முறை, சில மூன்று முறை என்று சீரில்லாமல் விழும். சத்தமில்லாத பிலிம்தானே, எனவே ஒவ்வொரு ஃப்ரேமையும் சரியாக மூன்று முறை காட்டிவிடுங்கள். அப்போது வேகம் விநாடிக்கு பதினாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவாக வரும். நூற்றுக்கு ஏழு பங்கு மெதுவாகும். சுருள் 16 விநாடி நீளும். ஐயா பினாங்குக் கடை வாசலில் இறங்கி வருவது கொஞ்சம் நிதானமாகத் தெரியும், ஆனால் நடை சீராக இருக்கும். நான் பார்த்தவரை வீட்டார் யாரும் மெதுவாக இருக்கிறது என்று சொன்னதில்லை. விக்கல் இருந்தால்தான் உடனே கேட்கிறார்கள். ஆப்டிகல் ஃப்ளோ போட்டு 18ஐ 50 ஆக்குவதை நான் செய்ய மாட்டேன். பிலிமின் நடையே போய்விடும்.

சத்தமுள்ள சினிமாத் துண்டு ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் கணக்கு வேறு. சினிமா விநாடிக்கு 24. பால் நாடுகளில் அதை அப்படியே 25இல் ஓட்டிவிடுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும், சுருதி ஏறும். 2 கட்டையில் வாசித்த நாகஸ்வரம் இரண்டரைக் கட்டையை நெருங்கிவிடும். நாள் முழுக்கக் கச்சேரி கேட்கிறவர்கள் காதில் இது உடனே படும். சுருதியை மட்டும் பழைய இடத்துக்கு இறக்கும் வசதி பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள்களில் இருக்கிறது.

போன் துண்டுகளில் இரண்டு விஷயம். போன், வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி தன் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். எடிட்டிங்கில் போட்டால் சத்தம் விலகும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் மாறாத வேகத்துக்கு ஒரு முறை ஓட்டிவிட்டுப் பிறகு சேருங்கள். அடுத்தது, மணிவிழா அன்று எடுக்கப்போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. நம் ஊர்க் கரண்ட் 50 என்பதால் மண்டபத்து விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. 30, 60 ஃப்ரேமில் எடுத்தால் சுவரில் பட்டை ஓடும். ஐபோனில் கேமரா செட்டிங்கில் பால் ஃபார்மட்டைக் காட்டு என்று ஒரு பொத்தான் உண்டு, அதைத் திறந்து 25 வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து வருகிற பிள்ளைகளிடம் முக்கியமாகச் சொல்லுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் 50 ஃப்ரேம், ஷட்டர் நூறில் ஒரு பங்கு. 30இல்தான் எடுப்பேன் என்றால் ஷட்டரையாவது ஐம்பதிலோ நூறிலோ ஒரு பங்காக வைத்தால் பட்டை போய்விடும்.

தொகுப்பைத் திறக்கும்போது முதல் துண்டைப் போடுவதற்கு முன்பே டைம்லைன் வேகத்தை 50 என்று வைத்துவிடுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு துண்டு உள்ளே போனபின் அதை மாற்ற விடாது.

சிங்கப்பூர், மலேசியா சொந்தங்களுக்கு இந்த 50 ஃப்ரேம் ஃபைலை அப்படியே அனுப்பலாம். சித்தப்பா வீட்டிலும் போன், லேப்டாப், யூடியூப் எதில் பார்த்தாலும் ஓடும். டி.வி.டி.யாகக் கேட்டால் மட்டும் தனியாக என்.டி.எஸ்.சி. டி.வி.டி. அடித்துக் கொடுங்கள். நம் ஊர்ப் பிளேயர்கள் இரண்டையும் ஓட்டும், அங்கத்தியவற்றில் பெரும்பாலானவை பால் டிஸ்க்கை ஓட்டாது.

மண்டபத்தில் எல்.இ.டி. திரையை நடத்தும் பெட்டி பெரும்பாலும் 60இல் இருக்கும், லேப்டாப்பும் 60இல் அனுப்பும். அப்படி விட்டால் இத்தனை பாடுபட்டுப் போக்கிய விக்கல் கடைசி ஒயரில் திரும்பி வந்துவிடும். திரைக்காரரிடம் 50 ஹெர்ட்ஸ் வாங்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள், வாங்கினால் லேப்டாப்பின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 வையுங்கள். முதல் நாள் சாயங்காலமே போய் மூன்று இடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள்: மாப்பிள்ளை அழைப்பில் கேமரா திரும்பும் இடம், வளவில் பிள்ளை ஓடும் இடம், திருப்பூட்டில் கெட்டிமேளம். தவில்காரர் கை விழுவதும் சத்தமும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே ஒரு ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் நகர்த்திச் சரி செய்ய ராத்திரி இருக்கிறது.